உப்பளத்துப் பூநாரையும் அதன் மலைநாட்டு உறவினரும்

(பழைய மாணவர் சந்திப்பின் முதல் நாள் மாலை ஆற்றிய உரை. பேசியதைப் பெரும்பாலும் அப்படியே எழுதித் தந்திருக்கிறேன்.)



செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "உனக்குத் தெரிந்ததைப் பேசுப்பா, பம்ப் பற்றியே பேசு" என்றார். மெக்கானிக்கல் முடித்த நாளிலிருந்து பம்ப், வால்வு, பைப்லைன் என்றே பிழைப்பு நடத்துகிறவன் நான். ஆகவே அவர் சொல்லைத் தட்டாமல் ஒரு பம்பைப் பற்றித்தான் பேசப் போகிறேன். என்ன, இந்தப் பம்புக்கு இரண்டு இறக்கை உண்டு. எடை இரண்டிலிருந்து நாலு கிலோ. உயரம் ஏறக்குறைய ஐந்தடி. மழைக்காலம் முடிந்ததும் நம்ம ஊர் உப்பளங்களில் வந்து நிற்கிற பூநாரையைத்தான் சொல்கிறேன்.

முள்ளக்காடு, பழையகாயல் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். தூரத்தில் வெள்ளை வேட்டி காயப் போட்ட மாதிரி ஒரு வரிசை தெரியும். கொக்கு என்று நினைத்துத் திரும்பிக்கொள்வோம். திடீரென்று கூட்டமாக எழும்பினால்தான் இறக்கையின் அடியில் இருக்கும் ரோஜாச் சிவப்பும் கருப்பும் தெரியும். நாலு வருஷம் இந்தக் கல்லூரியில் படித்தபோது நானும் கொக்கு என்றுதான் நினைத்திருந்தேன்; அதை யாரும் பாடத்தில் வைக்கவில்லை.

முதலில் அந்த அலகைப் பாருங்கள். நடுவில் ஒடித்து வளைத்தது மாதிரி இருக்கும். தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டுத்தான் பூநாரை சாப்பிடும். அப்படித் திருப்பும்போது மேல் அலகு கீழே போய்விடுகிறது, கீழ் அலகு மேலே வந்துவிடுகிறது. நமக்குக் கீழ்த்தாடை மட்டும்தான் அசையும். இதற்கு மேல் அலகும் அசையும். உள்ளே தடித்த நாக்கு ஒரு பிஸ்டன். அது பின்னால் போகும்போது தண்ணீரும் சேறும் உள்ளே வரும். முன்னால் வரும்போது தண்ணீர் வெளியே போகும். அலகின் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி மெல்லிய தகடுகள். இரை அதில் தங்கிவிடும். ரெசிப்ரோகேட்டிங் பம்புடன் ஒரு ஸ்டிரெய்னரையும் சேர்த்து ஒரே காஸ்டிங்கில் வார்த்த மாதிரி! சிறு பூநாரை என்று இன்னொரு இனம் உண்டு. அது நொடிக்கு 20 தடவை வரை இப்படிப் பம்ப் செய்யும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சைட்டில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், ஸ்டிரெய்னர் என்றால் அடைக்கும். அடைத்தால் ராத்திரி இரண்டு மணிக்கு போன் வரும். பூநாரைக்கு அந்தத் தொல்லை இல்லை. நாக்கில் முள் முள்ளாக இருக்கிறது, ஒவ்வொரு வீச்சிலும் தகடுகளைச் சுத்தம் செய்துவிடுகிறது.

இதோடு நிற்கவில்லை. 2025-இல் அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு மிருகக்காட்சிசாலையின் சிலி நாட்டுப் பூநாரைகளை வேகக் கேமராவில் படமெடுத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பறவை தலையைச் 'சட்'டென்று மேலே இழுக்கும்போது, அதாவது நொடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர் வேகத்தில், தண்ணீருக்குள் ஒரு குட்டிச் சூறாவளி கிளம்புகிறதாம். அடியில் கிடக்கும் இரை சுழன்று மேலே வந்து அலகுக்கு எதிரே நிற்கும். காலால் மிதிப்பதிலும் ஒரு சுழல். அலகை நொடிக்குப் பன்னிரண்டு தடவை படபடவென்று தட்டுவதில் இன்னொன்று. அலகின் மாதிரியைச் செய்து சோதித்துப் பார்த்ததில், இந்தத் தட்டல் இருந்தால் ஏழு மடங்கு அதிகமாக இறால் பூச்சி உள்ளே போகிறது என்று கண்டார்கள். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரில் வோர்டெக்ஸ் கேள்வியைச் சாய்ஸில் விட்டவர்கள் இந்த ஹாலில் பலர் இருக்கிறோம், பெயர் சொல்லவில்லை.

ஒற்றைக்காலில் தூங்குவதற்கும் விளக்கம் கிடைத்திருக்கிறது. 2017-இல் வந்த ஆய்வு அது. இறந்துபோன பூநாரையின் உடலைக்கூட ஒரு காலில் சரியான கோணத்தில் நிறுத்தினால் விழாமல் நிற்கிறது. ஆக, தசைக்கு வேலை மிகக் குறைவு; மூட்டு தன் எடையாலேயே பூட்டிக்கொள்கிறது. நாம் முழங்கால் என்று நினைக்கிற இடம் அதன் கணுக்கால். நிஜ முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது.

நிறம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நம் உப்பளத்துக்குள் இறங்கித்தான் பதில் சொல்ல வேண்டும். குஞ்சு பிறக்கும்போது சாம்பல் நிறம். சிவப்பு முழுக்க சாப்பாட்டில் வருவது, கேரட்டில் இருக்கிற அதே வகைச் சாயம். பாசி அதைத் தயாரிக்கிறது, பாசியைத் தின்னும் இறால் பூச்சியில் அது சேர்கிறது, பூச்சியைத் தின்னும் பறவையின் இறகில் ஏறுகிறது. அந்த இறால் பூச்சிக்கு ஆர்டீமியா என்று பெயர். அரை அங்குலத்துக்கும் குறைவு. தூத்துக்குடி உப்பளத்து ஆர்டீமியாவில் ஒரு வகைக்கு ஆணே கிடையாது, பெண் மட்டுமே தன்னந்தனியாக இனத்தைப் பெருக்கும். நம்ம ஊர் கடல்வள ஆராய்ச்சிக்காரர்கள் இதைப் பல வருஷங்களாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

உப்பு விளையும் முறை இங்கே பாதிப் பேருக்கு வீட்டுக் கதை. வெளியூர்க்காரர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடல்நீர் போமே மீட்டரில் மூன்று, மூன்றரை டிகிரி காட்டும். அதைப் பெரிய தேக்கத்தில் ஏற்றி, வெயிலிலும் காற்றிலும் காய விட்டு, பாத்தி பாத்தியாக மாற்றிக்கொண்டே போக வேண்டும். 25 டிகிரி வந்தால் உப்பு பூக்கும். அதற்குள் தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்கு ஆவியாகிவிட்டிருக்கும். அதனால் கடல்நீரை நம்பி ஓடும் அளத்தில் உப்பு வாரும் பாத்தி ஒரு ஏக்கர் என்றால், வெறுமனே தண்ணீர் காய்வதற்கு மட்டும் சுமார் பத்து ஏக்கர் வேண்டும். வரைபடத்தைப் பார்க்கிறவனுக்கு அந்தப் பத்து ஏக்கர் சும்மா கிடக்கிற நிலம் மாதிரி தெரியும்.

பூநாரைக்குச் சாப்பாட்டு மேசை அந்தப் பத்து ஏக்கர்தான். உப்பு பூத்த பாத்தியில் அதற்கு ஒன்றும் கிடைக்காது. ஏறத்தாழ பத்து டிகிரியைத் தாண்டிய தண்ணீரில் மீன் தாக்குப்பிடிக்காது. மீன் இல்லாததால் ஆர்டீமியாவைத் தின்ன ஆள் இல்லை. அது கணக்கில்லாமல் பெருகும். ஒரு அளத்தில் கங்காணியாக இருந்த பெரியவர் ஒருவர்தான் எனக்கு இதைப் புரிய வைத்தார். நாரை நிற்கிற பாத்தியைப் பார்த்தே தண்ணீர் எத்தனை டிகிரிக்கு வந்திருக்கிறது என்று தோராயமாகச் சொல்லிவிடுவார். மீட்டர் பிறகுதான். அதோடு, ஆர்டீமியா பாசியைத் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பதால் உப்பும் வெள்ளையாக வரும். பறவைகளின் காலிலும் இறகிலும் குடலிலும் அதன் முட்டை ஒட்டிக்கொண்டு அடுத்த அளத்துக்குப் போகும். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் சம்பளம் கிடையாது.

இவ்வளவு உப்பைத் தின்றால் பறவைக்கு என்ன ஆகும் என்று ஒரு தங்கை கேட்டார். கண்ணுக்கு மேலே உப்புச் சுரப்பி இருக்கிறது. ரத்தத்தில் கூடிய உப்பைப் பிரித்து மூக்குத் துளை வழியாகச் சொட்டவிடும். ஆர்.ஓ. பிளான்ட் கழிவு நீரை வெளியே தள்ளுவது மாதிரி, கரண்டு பில் மட்டும் இல்லை.

இங்கே அது முட்டையிடுவதில்லை. இந்தியாவில் அதன் பெரிய பிறந்தவீடு கட்ச் வளைகுடாவுக்கு வடக்கே இருக்கும் பெரிய ரண். 1893-இல் கட்ச் மகாராவ் கெங்கார்ஜி அந்த இடத்தை முதலில் பதிவு செய்தார். 1945-இல் சாலிம் அலி அங்கே போய்ப் பார்த்து எழுதினார். சேற்றைக் குவித்து முக்காலி உயரத்துக்கு மேடு கட்டி, அதன் மேல் ஒரே ஒரு முட்டை. தாய், தகப்பன் இருவரும் அடைகாப்பார்கள். இருவர் தொண்டையிலும் சிவப்பான ஒரு பால் சுரக்கும், குஞ்சுக்கு அதுதான் முதல் ஆகாரம். ஈரானில் உருமியா ஏரியில் வளையம் மாட்டிய பூநாரைகள் இந்தியாவில் கிடைத்திருக்கின்றன. அந்த ஏரி இப்போது பெரும்பகுதி வறண்டுவிட்டது. ஆற்றுத் தண்ணீரை அணை கட்டி விவசாயத்துக்குத் திருப்பியதும், மழை குறைந்ததும் காரணம். ஆயுசும் கெட்டி. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு மிருகக்காட்சிசாலையில் ஒரு பூநாரை 2014-இல் இறந்தபோது அதற்கு வயது குறைந்தது 83. இந்த ஹாலில் அதற்குச் சீனியர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

இனி அதன் மலைநாட்டு உறவினருக்கு வருகிறேன். உலகத்தில் பூநாரை ஆறு இனம். அதில் மூன்று இனங்கள் தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலையின் உச்சி ஏரிகளில் சேர்ந்தே மேய்கின்றன: சிலி பூநாரை, ஆண்டிஸ் பூநாரை, ஜேம்ஸ் பூநாரை. பொலிவியாவில் லகூனா கொலராடா என்று ஒரு ஏரி, செந்நிற ஏரி என்று அர்த்தம். கடல் மட்டத்திலிருந்து 4,278 மீட்டர். நம் கொடைக்கானலின் மேல் இன்னொரு கொடைக்கானலைத் தூக்கி வைத்தால் கிட்டத்தட்ட அந்த உயரம். காற்றழுத்தம் இங்கிருப்பதில் 60 சதவீதம்தான். தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். குளிர்கால இரவில் ஏரி உறையும். பறவையின் கால் பனிக்கட்டியில் சிக்கிக்கொள்ளும். வெயில் ஏறி உருகியபின்தான் நடக்கும். பக்கத்தில் வெந்நீர் ஊற்று இருக்கும் இடத்தில் கூட்டமாக ஒதுங்கும்.

இவற்றில் சிறியது ஜேம்ஸ் பூநாரை. மஞ்சள் அலகு, நுனியில் கருப்பு, செங்கல் சிவப்பில் கால். பின்விரல் கிடையாது. 1886-இல் விஞ்ஞானிகள் பெயர் வைத்தார்கள்; அப்புறம் ரொம்ப காலம் யாரும் பார்க்காததால் அழிந்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள். 1950-களில் ஒரு குழு லகூனா கொலராடாவுக்கு ஏறிப்போனால், அங்கே ஆயிரக்கணக்கில் நிற்கிறது! அந்த மலைநாட்டு மக்களோ காலங்காலமாகப் பூநாரை முட்டையை எடுத்துச் சாப்பிட்டு வந்தவர்கள். அவர்களை யாராவது முதலிலேயே கேட்டிருக்கலாம்.

மூன்று இனமும் ஒரே ஏரியில் சண்டையில்லாமல் இருப்பதற்கு ரகசியம் சல்லடைக் கண்தான். சிலி பூநாரைக்குக் கண் பெரிது, நம்ம ஊர்ப் பறவை மாதிரி இறால் பூச்சியைப் பிடிக்கும். ஆண்டிஸ் பூநாரைக்கு அதைவிட நெருக்கம், பெரிய வகை டயாட்டம் பாசி. ஜேம்ஸுக்கு மிக நெருக்கம், மிகச் சிறிய டயாட்டம். பன்னரிப்பு, கோதுமைச் சல்லடை, மாவுச் சல்லடை என்று நம் வீட்டில் மூன்று வைத்திருக்கிறோமே, அதேதான்.

அவ்வளவு உயரத்துக்கு ஏன் போயின? எனக்குத் தோன்றுவது இது. உயரத்தில் அதற்கு ஆசை ஒன்றும் இல்லை. எரிமலைகளுக்கு நடுவே கிண்ணம் கிண்ணமாகப் பள்ளங்கள். ஓடை உள்ளே வரும், வெளியே போக வழியில்லை. தண்ணீர் ஆவியாகி உப்பு தங்கும். ஆக, அது யாரும் வெட்டாத உப்பளம். முழங்காலளவு உப்புத் தண்ணீர், போட்டிக்கு மீன் இல்லை, ஏராளமாகப் பாசி. கடல் மட்டத்தில் பழையகாயலிலும், 4,278 மீட்டரில் பொலிவியாவிலும் இந்த இனங்கள் தேடுவது அந்த ஒன்றைத்தான். அது கிடைத்தால் குளிரோ வெயிலோ சமாளித்துக்கொள்கின்றன. அது போனால் வேறு ஏற்பாடு இல்லை.

இந்த இடத்தில்தான் நம்ம தொழில் உள்ளே வருகிறது, கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். 2025 ஆகஸ்ட் 4-ஆம் தேதி நம்ம சில்லாநத்தம் சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. இங்கே இருக்கும் தம்பிமார்களில் பலர் அந்தத் துறையில்தான் வேலைக்குப் போகப் போகிறீர்கள், சந்தோஷம். எந்தக் கம்பெனி மின்சாரக் காராக இருந்தாலும் இன்றைக்குப் பெரும்பாலும் பாட்டரியில் லித்தியம் இருக்கும். உலகில் லித்தியம் அதிகம் எடுக்கும் நாடுகளில் ஒன்று சிலி. சிலி அதை எடுக்கும் இடம் அட்டகாமா உப்புச் சமவெளி, 2,300 மீட்டர் உயரம். ஆண்டிஸ் பூநாரையும் ஜேம்ஸ் பூநாரையும் மேயும் இடம்.

எடுக்கும் முறையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம்ம உப்பளமேதான்! பூமிக்கடியிலிருந்து உப்புநீரைப் பம்ப் பண்ணி, பாத்தி பாத்தியாகக் காய வைக்கிறார்கள். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் காயவிட்டு, சுமார் 0.15 சதவீதம் இருந்த லித்தியத்தை 6 சதவீதத்துக்குக் கொண்டு வருகிறார்கள். போகிற வழியில் முதலில் விழுவது சாப்பாட்டு உப்பு. அதை வாரி ஒரு ஓரத்தில் மலையாகக் கொட்டிவிடுவார்கள், அவர்களுக்கு அது குப்பை. நம்ம ஊர் அண்ணாச்சி யாராவது பார்த்தால் நெஞ்சு வலிக்கும்.

ஆனால் முறை ஒன்றாக இருந்தாலும் தண்ணீர்க் கணக்கு நேர் எதிர். நாம் கடலிலிருந்து தண்ணீரைக் கொண்டுவந்து வறண்ட தரையில் நிறுத்துகிறோம். இல்லாத ஏரி ஒன்று உண்டாகிறது. அங்கே, மழையே அபூர்வமான வனாந்தரத்தில், ஏற்கனவே இருக்கிற ஏரியின் அடித்தண்ணீரை எடுத்து வானத்துக்கு அனுப்புகிறார்கள். 2022-இல் வெளியான ஆய்வு ஒன்று முப்பது வருஷக் கணக்கைப் பார்த்தது. சிலி முழுக்க எடுத்துக்கொண்டால் பூநாரை எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை. அட்டகாமாவில் மட்டும் இந்த இரண்டு இனமும் பதினோரு வருஷத்தில் 10 முதல் 12 சதவீதம் குறைந்திருந்தன. ஆறு இனத்தில் மிக அரிதானது ஆண்டிஸ் பூநாரை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மின்சாரக் காரே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நானும் ஒன்று வாங்க லோன் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். ஆவியாக்காமல், லித்தியத்தை மட்டும் நேராகப் பிரித்துக்கொண்டு உப்புநீரைத் திரும்பப் பூமிக்குள் அனுப்பும் முறைகளில் இப்போது பல நாடுகளில் வேலை நடக்கிறது. வடிகட்டி, உறிஞ்சும் பொருள், பம்ப், அடைப்பு, அரிப்பு என்று எல்லாம் நம்ம சிலபஸ்தான். பிராஜெக்டுக்குத் தலைப்பு தேடுகிறவர்கள் கெமிஸ்ட்ரி லேப் பக்கம் ஒரு எட்டு போய்ப் பேசிப் பாருங்கள்.

எனக்குக் கவலை நம்ம பக்கத்து ஏரியைப் பற்றித்தான். பறவைக்கு 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அது நிற்கிற தண்ணீருக்குக் கிடையாது. 2017-இல் வந்த மத்திய அரசின் சதுப்புநில விதிகளில், உப்புத் தயாரிக்க வெட்டிய நீர்நிலை சதுப்புநிலம் என்ற கணக்கிலேயே சேராது என்று எழுதியிருக்கிறது. 2025 ஜூன் 5-ஆம் தேதி தனுஷ்கோடியில் சுமார் 524 ஹெக்டேரைப் பூநாரை சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது, மிக நல்ல காரியம். ஆனால் அங்கே பார்க்கும் பறவை இங்கே மேயும்போது, காகிதத்தில் அது நிற்பது வெறும் தொழில் நிலம். அளத்துக்காரர் நாளைக்கு மண் அடித்து விற்றாலும், பறவையின் பெயரைச் சொல்லி யாரும் கேட்க முடியாது. துறைமுகத்தை ஒட்டிய நிலத்துக்கு விலை ஏறுகிற காலம் இது.

இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடக்கிறது. நம்ம பகுதியில் பல அளங்கள் கடல்நீரை விட்டுவிட்டு போர் போட்டு நிலத்தடி உப்புநீரை எடுக்கின்றன. அது கடல்நீரைவிட அடர்த்தி கூடியது, சீக்கிரம் உப்பு பூக்கும், உற்பத்திக்கு லாபம்தான். ஆனால் அடர்த்தியாகவே வரும் நீருக்குப் பெரிய தேக்கம் தேவைப்படாது. நான் சொன்ன அந்தப் பத்து ஏக்கர் சுருங்கும். உப்பு உற்பத்திக் கணக்கில் குறைவே தெரியாமல் பறவையின் மேசை பாதியாகலாம். இது என்னுடைய பொறியியல் கணிப்பு. பல வருஷம் எண்ணிப் பார்த்தால்தான் சரியா தப்பா என்று சொல்ல முடியும்.

எண்ணுவது ஏன் முக்கியம் என்பதற்கு நம்ம கடலிலேயே உதாரணம் இருக்கிறது. முத்துக்குளிப்பு இங்கே 1955-இலிருந்து வரிசையாக நடந்து 1961-இல் நின்றது. அந்த வருஷம் பாருக்குப் போனவர்களுக்கு அதுதான் கடைசி என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அடுத்த வருஷம் சிப்பி வரும், அதற்கடுத்த வருஷம் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாயிற்று, அறுபது வருஷத்துக்கு மேல்.

தாமிரபரணிப் படுகையில் 2011 முதல் ஒவ்வொரு வருஷமும் ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குளங்களைத் தன்னார்வலர்கள் பிரித்துக்கொண்டு எண்ணுகிறார்கள். நம்ம கல்லூரி மாணவர்கள் அதே நாட்களில் உப்பளங்களைப் பிரித்துக்கொண்டு எண்ணலாம். கூடவே ஒரு போமே மீட்டரை எடுத்துப் போய், பறவை நின்ற பாத்தியின் டிகிரியையும், தண்ணீர் எத்தனை அங்குலம் என்பதையும் குறித்து வைத்தால் போதும். மீட்டர் விலை பெரிதில்லை, நான் நாலு வாங்கித் தருகிறேன். அளத்துக்காரர்களிடம் முதலில் போய் மரியாதையாகக் கேளுங்கள். வரப்பை மிதித்து உடைக்காமல் இருந்தால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

நாளைக் காலை பார்க்க வருகிறவர்கள் ஐந்தே முக்காலுக்குக் கல்லூரி வாசலில் நில்லுங்கள், வேன் பேசியிருக்கிறேன். வெயில் ஏறினால் கானல் அடித்து ஒன்றும் தெரியாது. தொப்பியும் தண்ணீரும் கொண்டு வாருங்கள். பைனாகுலர் மூன்று இருக்கிறது, மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். எட்டரைக்குள் திரும்பி டிபனுக்கு வந்துவிடலாம் என்று செயலாளருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.